மிக மென்மையான களிமண் எவ்வளவு அமிழும், எப்போது அமிழ்ந்து முடியும்: கணக்கிடும் முறை முழுமையாக

கையில் எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் பிதுங்கி வரும் களிமண்தான் மிக மென்மையான களிமண். அதன் வடிகாலற்ற வெட்டு வலிமை (நீர் வெளியேற நேரமில்லாதபோது மண் நழுவலை எதிர்க்கும் வலிமை) ஏறத்தாழ 12 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருக்கும். இப்படிப்பட்ட மண்ணின் மேல் சாலைக்கரையோ, துறைமுகத் தளமோ, கொள்கலன் முற்றமோ வரப்போகிறது என்றால் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். மொத்தம் எவ்வளவு இறங்கும்? எத்தனை காலத்தில் இறங்கும்?

இந்த இரண்டையும் ஒரே நம்பிக்கையோடு பார்க்கக் கூடாது. நல்ல மாதிரியும் சரியான சோதனையும் இருந்தால் அமிழ்வின் அளவு பெரும்பாலும் கணக்கை ஒட்டியே வரும். காலம் அப்படியில்லை, இரண்டு மடங்கு மூன்று மடங்கு பிசகுவது சகஜம். ஆகவே அறிக்கையில் இரண்டையும் தனித்தனியாக எழுதி, காலக் கணக்கைக் களத்தில் கிடைக்கும் அளவீடுகளால் திருத்தப் போகிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்த்துவிட வேண்டும். கீழே வரும் படிகளெல்லாம் இந்த ஒரே நோக்கத்தில் அமைந்தவை.

எந்த மண்ணுக்கு எந்தக் கணக்கு

முதலில் மண்ணின் வகையைப் பிரித்துக்கொள்ளுங்கள். கடலோரக் களிமண், வெற்றிட விகிதம் (துளைகளின் கன அளவு ÷ திடப்பொருளின் கன அளவு) 3 வரை, ஏற்கெனவே தன் எடையில் இறுகி முடிந்தது என்றால் 1925இல் டெர்சாகி வகுத்த ஒருதிசை இறுகல் கோட்பாடு (நீர் செங்குத்தாக மட்டும் வெளியேறி மண் நெருங்குகிறது என்பது) போதும். தூர்வாரிக் கொட்டிய குழம்பு, சுரங்கக் கழிவுச் சேறு போன்றவை தன் எடையையே இன்னும் தாங்கத் தொடங்காதவை. அவற்றுக்கு 1967இல் கிப்சன், இங்கிலாண்ட், ஹஸ்ஸி மூவரும் தந்த, தடிமன் பெரிதாகச் சுருங்குவதையும் கணக்கில் கொள்ளும் பெருந்திரிபுக் கோட்பாடு தேவை. மூன்றாவது வகை மக்கிய தாவரப் பொருள் நிறைந்த பீட் மண். கொழும்பு–கட்டுநாயக்க அதிவேகச் சாலை கடந்து போகும் முத்துராஜவெல சதுப்பு இந்த வகை. அங்கே நீர் வெளியேறி முடிந்த பின்னும் நெடுங்காலம் தொடரும் ஊர்வுதான் பெரிய தலைவலி.

முதல் வகையை விரிவாக ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். மற்ற இரண்டும் அதன் மேல் கட்டப்படுபவையே.

போர்ஹோலில் கோட்டை விடக் கூடாதவை

பாதித் தவறுகள் இங்கேயே நடந்துவிடுகின்றன. மென்களிமண்ணுக்கு எஸ்.பி.டி. எண் (குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கத் தேவையான அடிகளின் எண்ணிக்கை, N) பயன்படாது. சுத்தியல் எடையிலேயே கம்பி இறங்கிவிடும், "N = 0" என்று பதிவாகும், அதிலிருந்து எதையும் பெற முடியாது. களத்தில் வேன் ஷியர் சோதனையும் (இறகுத்தகட்டை மண்ணுக்குள் திருகி வலிமையை அளப்பது), துளைநீர் அழுத்தத்தையும் சேர்த்து அளக்கும் கூம்பு ஊடுருவல் சோதனையான சி.பி.டி.யு.வும் செய்யுங்கள். இரண்டாவதற்குத் தனி மதிப்பு உண்டு. களிமண்ணுக்கு நடுவே இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தடிமனில் ஓடும் மணல் பட்டைகளை அது காட்டிக்கொடுக்கும். காலக் கணக்கு முழுவதும் அந்தப் பட்டைகளைப் பொறுத்தது.

மாதிரி எடுக்க மெல்லிய சுவருள்ள குழாய் வேண்டும். உள்விட்டம் 75 மி.மீ.க்குக் குறையாமலும், பரப்பு விகிதம் (குழாய்ச் சுவரின் பரப்பு ÷ மாதிரியின் பரப்பு) 10 விழுக்காட்டுக்கு மிகாமலும் இருக்கட்டும். சுத்தியலால் அடித்து இறக்காமல் ஒரே சீரான அழுத்தத்தில் உள்ளே தள்ளுங்கள். இரு முனையையும் மெழுகால் அடைத்து, நிமிர்த்தி வைத்தே வண்டியில் ஏற்ற வேண்டும். ஆய்வகத்துக்குப் போகும் வழியில் குலுங்கிய மாதிரிக்குப் பிறகு எந்த மருந்தும் கிடையாது.

மாதிரி கெட்டதா நல்லதா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்தே பார்க்கலாம். ஈடோமீட்டரில் (சுமை ஏற்றி மாதிரி சுருங்குவதை அளக்கும் கருவி) வைத்து, மண் களத்தில் தாங்கிய பயனுறு அழுத்தத்துக்கு (நீரழுத்தம் போக மண்துகள்கள் தாங்கும் அழுத்தம்) மீண்டும் கொண்டுவரும்போது வெற்றிட விகிதம் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். அந்தக் குறைவைத் தொடக்க வெற்றிட விகிதத்தால் வகுத்தால் 0.04க்குக் கீழே வருவது மிக நல்ல மாதிரி, 0.07 வரை ஏற்கலாம், 0.14ஐத் தாண்டினால் அந்த முடிவைக் குப்பையில் போடலாம். லேசாக முன்னிறுகிய, அதாவது முன்பு இப்போதையதைவிடச் சற்று அதிக அழுத்தம் தாங்கிய, களிமண்ணுக்கான வரம்புகள் இவை. ஆய்வக அறிக்கைகளில் இந்த எண் அரிதாகத்தான் இருக்கும். கேட்டு வாங்குங்கள்.

ஈடோமீட்டர் சோதனைக்கு இந்தியத் தர நூலான ஐ.எஸ். 2720 பகுதி 15 உள்ளது. மென்களிமண்ணுக்கு முதல் சுமை 5 கிலோபாஸ்கலுக்கு மேல் போகக் கூடாது, முடிந்தால் 2.5. நேராக 25 அல்லது 50இல் தொடங்கினால் முன்னிறுகல் அழுத்தம் (மண் இதுவரை தாங்கிய மிக அதிக அழுத்தம்) வரைபடத்திலேயே தெரியாமல் போய்விடும். மாதிரி லேசாகக் குலைந்திருந்தால் வளைவு தட்டையாகி, முன்னிறுகல் அழுத்தமும் அமுக்கக் குறியெண்ணும் (அழுத்தம் பத்து மடங்காகும்போது வெற்றிட விகிதம் குறையும் அளவு) இரண்டுமே குறைந்து தெரியும். ஷ்மெர்ட்மன் முறையில் அதைத் திருத்தலாம்: களத்தின் உண்மைக் கோடு, தொடக்க வெற்றிட விகிதத்தின் 0.42 மடங்கில் ஆய்வகக் கோட்டைச் சந்திக்கும் என்று கொண்டு நேர்கோடு வரைவது.

எடுத்துக்காட்டு நிலம்

10 மீட்டர் கடல்சார் களிமண், அதற்குக் கீழே அடர்ந்த மணல். நிலத்தடி நீர் தரைமட்டத்தில். தொடக்க வெற்றிட விகிதம் 2.0, துகள் ஒப்படர்த்தி 2.7, ஈரப்பதம் 74 விழுக்காடு. இவற்றிலிருந்து செறிந்த அலகு எடை கனமீட்டருக்கு 15.4 கிலோநியூட்டன், நீர் கழித்தால் 5.6. அமுக்கக் குறியெண் 0.80, மறு அமுக்கக் குறியெண் 0.08. மேலே 3 மீட்டர் மண் கொட்டப் போகிறோம், அலகு எடை 20, ஆகவே 60 கிலோபாஸ்கல் சுமை. கரை அகலம் களிமண் தடிமனைப் போல் மூன்று மடங்குக்கு மேல் இருப்பதால் நடுக்கோட்டில் சுமை ஆழத்தோடு குறையவில்லை என்று கொள்ளலாம். ஒடுக்கமான கரை என்றால் ஒவ்வொரு அடுக்கின் நடுவிலும் சுமை எவ்வளவு பரவிக் குறைகிறது என்று தனியே பார்க்க வேண்டும்.

எவ்வளவு அமிழும்

களிமண்ணை 2.5 மீட்டராக நான்கு அடுக்குகளாகப் பிரிப்போம். ஒவ்வொரு அடுக்கின் நடுவிலும் மூன்று எண்கள் வேண்டும்: இப்போதைய பயனுறு அழுத்தம், முன்னிறுகல் அழுத்தம், இறுதி அழுத்தம். சூத்திரம் இரண்டு துண்டு. இப்போதையதிலிருந்து முன்னிறுகல் அழுத்தம் வரை மறு அமுக்கக் குறியெண், அதன் பின் இறுதி வரை அமுக்கக் குறியெண். ஒவ்வொரு துண்டிலும்:

அமிழ்வு = தடிமன் × குறியெண் ÷ (1 + தொடக்க வெற்றிட விகிதம்) × லாக் (பின் அழுத்தம் ÷ முன் அழுத்தம்)

லாக் பத்தடிமானம். அழுத்தங்கள் கிலோபாஸ்கலில்.

| அடுக்கு நடு ஆழம் | இப்போது | முன்னிறுகல் | இறுதி | அமிழ்வு |
|---|---|---|---|---|
| 1.25 மீ | 7 | 30 | 67 | 0.27 மீ |
| 3.75 மீ | 21 | 25 | 81 | 0.35 மீ |
| 6.25 மீ | 35 | 42 | 95 | 0.24 மீ |
| 8.75 மீ | 49 | 59 | 109 | 0.18 மீ |

கூட்டினால் சுமார் 1.05 மீட்டர்.

மேல் அடுக்கில் மட்டும் முன்னிறுகல் அழுத்தம் 30 என்று உயர்ந்திருப்பதைக் கவனியுங்கள். வெயிலில் காய்ந்து காய்ந்து இறுகிய மேலோடு அது. கடலோரச் சமவெளிகளில் ஓரிரு மீட்டர் தடிமனில் இப்படி ஒரு படலம் பெரும்பாலும் இருக்கும். அதைப் பார்க்காமல் மேல் அடுக்கையும் மற்றவை போலவே, இப்போதைய அழுத்தத்தைப் போல் 1.2 மடங்கு என்று வைத்திருந்தால் அந்த அடுக்கு மட்டுமே 0.61 மீட்டர் காட்டும், மொத்தம் 1.38 ஆகும். ஒரே ஒரு எண்ணால் 33 சென்டிமீட்டர் வேறுபாடு. காரணம் லாக். அழுத்தம் சுழியை நெருங்கும் இடத்தில் அது தாறுமாறாக எகிறும். மேல் இரண்டு மீட்டரில் கூடுதலாக ஒரு மாதிரி எடுப்பது மொத்தச் செலவில் மிகச் சிறிது.

அடுத்தது பலர் விட்டுவிடும் கணக்கு. கரையின் உச்சி எப்போதும் பழைய தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான தேவை. இறங்க இறங்க மேலே மண் கொட்டிக்கொண்டே இருப்போம். இறங்கிய பகுதி நீருக்குள் போய்விடும், அதன் எடை 20இலிருந்து ஏறத்தாழ 10.2 ஆகக் குறையும். எனவே உண்மையான சுமை 60 + 10.2 × அமிழ்வு. அமிழ்வு 1.2 என்று ஊகித்தால் சுமை 72. அந்த 72ஐ வைத்து மேலே உள்ள அட்டவணையை மீண்டும் போட்டால் 1.20 மீட்டர் வருகிறது. ஊகமும் விடையும் ஒத்துவிட்டன, நிறுத்தலாம். மொத்தம் கொட்ட வேண்டிய மண் 3 மீட்டர் அல்ல, 4.2 மீட்டர். மண் அள்ளும் ஒப்பந்தத்தில் இந்த 40 விழுக்காடு இல்லாவிட்டால் பின்னால் வழக்குதான்.

சுமையை ஒரே நாளில் ஏற்றவும் முடியாது. மென்களிமண்ணின் வலிமை முன்னிறுகல் அழுத்தத்தில் ஏறத்தாழ 0.22 பங்கு. நம் நிலத்தில் சராசரி 8.6 கிலோபாஸ்கல், பாதுகாப்பாக 8 என்று கொள்வோம். தாங்கும் வரம்பு வலிமையைப் போல் 5.14 மடங்கு: 5.14 × 8, அதாவது 41. பாதுகாப்புக் காரணி 1.3 வைத்தால் 32. ஆகவே முதல் கட்டத்தில் ஒன்றரை மீட்டருக்கு மேல் கொட்டினால் கரை ஓரமாக வழுக்கிச் சரியும். மண் இறுகி வலிமை கூடிய பின்தான் அடுத்த கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் காலக் கணக்கில் தொடக்க நாளாக, அந்தக் கட்டம் கொட்டிய நாட்களின் நடுநாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது அமிழும்

நீர் வெளியேறும் வேகம்தான் அமிழும் வேகம். அதை ஒரே எண்ணில் அடக்குவது இறுகல் கெழு. நம் மண்ணுக்கு ஆண்டுக்கு 1 சதுரமீட்டர் என்று கொள்வோம். ஆய்வக அறிக்கையில் இது வினாடிக்குச் சதுர சென்டிமீட்டரில் இருக்கும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 0.32 சதுரமீட்டர். இந்த அலகு மாற்றத்தில் பத்து மடங்கு தவறிய கணக்குகள் ஏராளம். ஒவ்வொரு முறையும் கையால் சரிபாருங்கள்.

காலம் = கால எண் × வடிகால் பாதையின் வர்க்கம் ÷ இறுகல் கெழு

50 விழுக்காட்டுக்குக் கால எண் 0.197, 90க்கு 0.848. மேலே மணல் விரிப்பு, கீழே மணல், இரு பக்கமும் நீர் வடியும், ஆகவே பாதை 5 மீட்டர். 90 விழுக்காட்டுக்கு 0.848 × 25 ÷ 1 = 21 ஆண்டு. கீழே மணலுக்குப் பதில் நீர் புகாத பாறை இருந்தால் பாதை 10 மீட்டர், காலம் 85 ஆண்டு. ஈடோமீட்டரில் 20 மி.மீ. தடிமனில் இதே மண் 45 நிமிடத்தில் 90 விழுக்காட்டை எட்டியிருக்கும். பாதை 500 மடங்கு கூடும்போது காலம் 2,50,000 மடங்கு கூடுகிறது.

வர்க்கம் என்பதால்தான் மணல் பட்டைகள் அவ்வளவு முக்கியம். களிமண்ணுக்கு நடுவே தொடர்ச்சியாக ஒரு பட்டை ஓடி நீரை வெளியே கொண்டுபோனால் 21 ஆண்டு 5 ஆண்டாகிவிடும். அதே பட்டை பத்து மீட்டர் ஓடி நின்றுபோகும் வில்லையாக இருந்தால் ஒரு பயனும் இல்லை. ஒரு போர்ஹோலில் பார்த்த மணலை வைத்துப் பாதையைப் பாதியாக்கக் கூடாது. பக்கத்துத் துளைகளிலும் அதே மட்டத்தில் இருக்க வேண்டும், அது போய்ச் சேரும் இடமும் தெரிய வேண்டும். 1994இல் திறந்த ஜப்பானின் கன்சாய் விமான நிலையத் தீவில் மேற்பரப்புக் களிமண்ணை மணல் வடிகால்கள் விரைவில் இறுக்கிவிட்டன. ஆனால் எந்த வடிகாலும் எட்டாத ஆழத்துப் பழைய களிமண் அடுக்குகள் இன்றும் இறங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு இடையிலான மணல் படுகைகள் எவ்வளவு நீரைக் கடத்தும் என்பதே அங்கே முன்கணிப்பின் அச்சாணி. முதல் தீவின் சராசரி அமிழ்வு 13 மீட்டரைத் தாண்டிவிட்டது.

இறுகல் கெழுவை எந்தச் சுமையில் எடுத்தோம் என்பதும் விடையை மாற்றும். முன்னிறுகல் அழுத்தத்துக்குக் கீழே அது பல மடங்கு அதிகம். முதல் இரண்டு சுமைப்படிகளில் கிடைத்ததையும் சேர்த்துச் சராசரி போட்டால் வேகம் பொய்யாக ஏறிவிடும். நம் இறுதி அழுத்தம் 80 முதல் 120 வரை. அந்த வரம்பின் சுமைப்படிகளிலிருந்து மட்டும் எடுங்கள்.

பி.வி.டி. (முன்தயாரித்த பட்டை வடிகால்) போட்டால்

21 ஆண்டு யாரும் காத்திருக்க மாட்டார்கள். 100 மி.மீ. அகலம், 4 மி.மீ. தடிமன் கொண்ட பட்டை வடிகால்களை முக்கோண அமைப்பில் 1.2 மீட்டர் இடைவெளியில் இறக்குவோம். இந்தியாவில் இதற்கான வழிகாட்டு நூல் ஐ.எஸ். 15284 பகுதி 2. இப்போது நீர் 5 மீட்டர் மேலேறத் தேவையில்லை, அரை மீட்டருக்குச் சற்று மேல் பக்கவாட்டில் நகர்ந்தால் போதும்.

ஒவ்வொரு பட்டைக்கும் உரிய மண்ணுருளையின் விட்டம் 1.05 × 1.2 = 1.26 மீட்டர். பட்டையின் சமான விட்டம் அதன் சுற்றளவை பையால் வகுத்தது, 66 மி.மீ. இரண்டின் விகிதம் 19. அதன் இயல் லாகிலிருந்து 0.75 கழித்தால் 2.20. இது மண் குலையாத நிலைக்கான காரணி.

ஆனால் பட்டையை உள்ளே வைத்து இறக்கும் எஃகுக் குழலான மாண்ட்ரல் சுற்றியுள்ள மண்ணைக் குழைத்துப் பூசிவிடுகிறது. குழைந்த வளையத்தில் கிடைத்திசையில் நீரைக் கடத்தும் கசிவுத்திறன் பாதியாகிறது, வளையத்தின் விட்டம் பட்டையைப் போல் 3.6 மடங்கு என்று வைத்தால் காரணியோடு 1.28 சேர்ந்து 3.48 ஆகும். கிடைத்திசை இறுகல் கெழு ஆண்டுக்கு 1.5 சதுரமீட்டர் என்று கொள்வோம்.

காலம் = விட்டத்தின் வர்க்கம் × காரணி × இயல் லாக் (1 ÷ எஞ்சிய பங்கு) ÷ (8 × கிடைத்திசைக் கெழு)

90 விழுக்காட்டுக்கு எஞ்சிய பங்கு 0.1, இயல் லாக் 2.303. விடை 1.06 ஆண்டு, ஏறத்தாழ 13 மாதம். குழைவைக் கணக்கில் சேர்க்காவிட்டால் 8 மாதம் என்று வந்திருக்கும். இடைவெளியை 1.0 மீட்டராகக் குறைத்தால் எட்டரை மாதம். அதற்குக் கீழே போவதில் எனக்கு உடன்பாடில்லை. பட்டைகள் நெருங்க நெருங்க குழைந்த வளையங்கள் ஒன்றையொன்று தொடத் தொடங்கும், செலவு கூடும் வேகத்தில் காலம் குறையாது.

மண் வழியே மேலும் கீழும் நோக்கிய செங்குத்து வடிதலும் கூடவே நடக்கிறது. ஓராண்டில் அது தனியாக 23 விழுக்காடு, கிடைவடிகால் தனியாக 89. எஞ்சிய பங்குகளைப் பெருக்க வேண்டும்: 0.77 × 0.11. ஒன்றிலிருந்து கழித்தால் 91 விழுக்காடு. பட்டை இருக்கும் இடத்தில் செங்குத்தின் பங்கு அவ்வளவுதான்.

மேலே இருக்கும் மணல் விரிப்பைக் கவனிக்க வேண்டும். கீழிருந்து வரும் நீரெல்லாம் அதன் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். களிமண் கலந்த மலிவு மணலைப் போட்டாலோ, நடுப்பகுதி அதிகம் இறங்கி விரிப்பு கிண்ணமாகி நீர் தேங்கினாலோ, மேலே போட்ட கணக்கு எல்லாம் பாழ். அகலமான கரைகளில் விரிப்புக்குள் கிணறு வைத்து நீரை இறைத்து வெளியேற்றுவார்கள்.

கூடுதலாக 1 மீட்டர் மண்ணைத் தற்காலிகமாக ஏற்றினால், அதாவது சர்சார்ஜ் வைத்தால், இறுதி அமிழ்வு 1.41 மீட்டராகும். நமக்கு வேண்டிய 1.20 அதில் 85 விழுக்காடு, பத்தரை மாதத்தில் கிடைத்துவிடும். ஆனால் 85 என்பது சராசரி. இரு பட்டைகளுக்கு நடுவே உள்ள மண் அந்த நிலைக்கு வந்திருக்காது. துளைநீர் அழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டரைப் பார்க்காமல் தரை இறங்கிய அளவை மட்டும் வைத்துச் சர்சார்ஜை எடுத்தால், அந்த நடுமண் பின்னாலும் இறங்கிக்கொண்டிருக்கும்.

நீர் வெளியேறிய பின்

துளைநீர் அழுத்தம் தணிந்த பின்னும் களிமண் மெதுவாக ஊர்ந்து இறங்கும். இந்த இரண்டாம் நிலை அமுக்கத்தின் குறியெண், அமுக்கக் குறியெண்ணில் 0.04 பங்கு என்று கனிமக் களிமண்ணுக்குக் கொள்ளலாம். கரிமக் களிமண்ணுக்கு 0.05, பீட்டுக்கு 0.06. நம் நிலத்தில் 0.032 வருகிறது. 10 மீட்டர் தடிமனுக்கு, காலம் பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் சுமார் 11 சென்டிமீட்டர். முதலாம் ஆண்டு முடிவிலிருந்து பத்தாம் ஆண்டு வரை 11, முப்பதாம் ஆண்டு வரை 16.

சமதளச் சாலையில் இது பெரிதாகத் தெரியாது. பாலத்தை ஒட்டிய அணுகுபாதையில் தெரியும். பாலம் பைல் மேல் நிற்கிறது, அது அசையாது, பக்கத்துக் கரை மட்டும் 11 சென்டிமீட்டர் இறங்கும். அந்தப் படிக்கட்டைத் தவிர்க்க வேண்டிய நீளத்துக்கு மட்டுமாவது சர்சார்ஜை நீண்ட நாள் விட்டுவைப்பது பயன் தரும். வேண்டியதைவிடக் கூடுதலாக இறுக்கி எடுத்த களிமண்ணின் ஊர்வு மிகவும் குறைந்துவிடும்.

குழம்பாக இருக்கும் மண்

தூர்வாரிய சேற்றுக்கு மேலே சொன்ன சூத்திரங்கள் பொருந்தா. டெர்சாகியின் கோட்பாடு தடிமனும் கசிவுத்திறனும் மாறாதவை என்று வைத்துக்கொள்கிறது. சேறு பாதியாகச் சுருங்கும்போது இரண்டும் தலைகீழாக மாறும், கசிவுத்திறன் நூறு மடங்குகூடக் குறையலாம்.

இங்கே கணக்கின் நங்கூரம் திடப்பொருளின் உயரம். மண் எவ்வளவு சுருங்கினாலும் அது மாறாது. குளத்தில் 6 மீட்டர் சேறு, வெற்றிட விகிதம் 6 என்றால் திட உயரம் 6 ÷ 7 = 0.86 மீட்டர். அடியில் தன் எடையால் வரும் பயனுறு அழுத்தம் 0.86 × 1.7 × 9.81, சுமார் 14 கிலோபாஸ்கல், சராசரி 7. அந்த 7 கிலோபாஸ்கலில் வெற்றிட விகிதம் 2.8 என்று சோதனை காட்டினால் இறுதி உயரம் 0.86 × 3.8 = 3.3 மீட்டர். மேலே ஒரு கூடை மண்கூடக் கொட்டாமல் 2.7 மீட்டர் இறங்கப்போகிறது. துல்லியம் வேண்டுமானால் திட உயரத்தைப் பத்து சம பங்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வெற்றிட விகிதம் படித்துக் கூட்டுங்கள்.

இதற்கு இரண்டு வளைவுகள் வேண்டும்: பயனுறு அழுத்தத்தோடு வெற்றிட விகிதம் மாறுவது, வெற்றிட விகிதத்தோடு கசிவுத்திறன் மாறுவது. சாதாரண ஈடோமீட்டர் 1 கிலோபாஸ்கலுக்குக் கீழே எதையும் சொல்லாது, மூடியின் எடையே அதிகம். உயரமான கண்ணாடிக் குழலில் படியவிட்டு அளப்பது ஒரு வழி. நீரைக் கட்டுப்பாட்டோடு கீழ்நோக்கி ஓடவிட்டு, அந்த ஓட்டத்தின் இழுவையாலேயே மாதிரியை இறுக்கும் சோதனை இன்னொரு வழி, இரண்டு வளைவும் ஒரே மாதிரியில் கிடைக்கும். காலத்தைக் கணினி நிரலில்தான் பெற முடியும்.

நிரல் தரும் விடையில் ஒன்றைத் தவறாமல் பாருங்கள். பெருந்திரிபில் அமிழ்வு முன்னே ஓடும், துளைநீர் அழுத்தம் பின்தங்கும். தரை 80 விழுக்காடு இறங்கிவிட்டது என்பதால் வலிமையும் 80 விழுக்காடு வந்துவிட்டது என்று நம்பி இயந்திரத்தை ஏற்றினால் அது மூழ்கும். சிங்கப்பூரின் சாங்கி கிழக்கு நிலமீட்பில் இப்படிப்பட்ட ஒரு சேற்றுக் குளத்தின் மேல் வலுமிக்க ஜியோடெக்ஸ்டைல் விரித்து, மணலை மெல்லிய படலங்களாகத் தூவித்தான் தளம் அமைத்தார்கள்.

களத்தில் அளந்து திருத்துவது

மண் கொட்டத் தொடங்குமுன் அமிழ்வை அளக்கும் தகடுகளான செட்டில்மென்ட் பிளேட்டுகளைப் பழைய தரையில் வைத்து முதல் அளவு எடுங்கள். தண்டுக்குழாயைச் சுற்றி உறைக்குழாய் வேண்டும், இல்லையேல் மண் தண்டைப் பிடித்து இழுக்கும். குழாயை நீட்டும் ஒவ்வொரு முறையும் நீட்டுவதற்கு முன்னும் பின்னும் அளவெடுக்கவும். ஒப்பளவுப் புள்ளி கரையின் பாதிப்பு எட்டாத தூரத்தில், உறுதியான அடுக்கில் ஊன்றியதாக இருக்க வேண்டும். பக்கத்து மதகுச் சுவரில் பெயின்ட் அடித்த குறி கூடவே இறங்கும். கொட்டும் நாட்களில் தினமும், பின்னர் வாரம் ஒருமுறை அளந்தால் போதும்.

சுமை நிலைத்த பின் 1978இல் அசாவோகா வெளியிட்ட முறையைப் போடலாம். சம இடைவெளியில் அளவுகள் எடுத்து, ஒவ்வொன்றையும் அதற்கு முந்தையதற்கு எதிராகக் குறித்தால் நேர்கோடு வரும். எடுத்துக்காட்டுக் கரையில் 30 நாளுக்கு ஒருமுறை மி.மீ.யில் கிடைத்தவை இவை என்று கொள்வோம்: 600, 675, 741, 798, 848, 891. கோட்டின் சரிவு 0.87, வெட்டுத்துண்டு சுமார் 153. இறுதி அமிழ்வு = 153 ÷ (1 − 0.87), ஏறத்தாழ 1180 மி.மீ. நாம் கணித்தது 1200. அளவு ஒத்துப்போகிறது.

காலம்? 0.87இன் இயல் லாக், குறியை விட்டால், 0.139, அது 30 நாள் வேகம். நம் கணக்கில் வரவேண்டியது 0.178. மண் எதிர்பார்த்ததைவிட 22 விழுக்காடு மெதுவாக இறுகுகிறது, குழைவை நாம் குறைத்து மதிப்பிட்டிருக்கிறோம். 90 விழுக்காடான 1062 மி.மீ.யை எட்ட, எஞ்சிய 289 மி.மீ. 118 ஆகக் குறைய வேண்டும். இயல் லாக் 0.896, அதை 0.139ஆல் வகுத்தால் 6.4 இடைவெளி. இன்னும் ஆறரை மாதம்.

சரிவில் சிறு பிழை விடையில் பெரிதாகும். அதே புள்ளிகளின் நடுவழியாக 0.90 சரிவில் கோடு போட்டால் இறுதி 1310 மி.மீ. வரும். ஆகவே 60 விழுக்காடு இறுகுமுன் இந்த முறையை நம்பாதீர்கள். தொடக்கப் புள்ளிகள் எப்போதும் சரிவைக் குறைத்து, வேலை சீக்கிரம் முடியும் என்று ஆசை காட்டும். இடையில் மண் கொட்டியிருந்தால் கோடு முறியும், புதிய சுமைக்குப் பிந்தைய புள்ளிகளை மட்டும் வைத்துப் புதுக்கோடு போடவும்.

பீசோமீட்டர் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கும்போது, கருவியும் மண்ணோடு இறங்குகிறது என்பதை மறக்க வேண்டாம். நீர்மட்டம் நிலையாக இருக்க, முனை 1 மீட்டர் இறங்கினால் நிலைநீர் அழுத்தம் மட்டுமே 10 கிலோபாஸ்கல் கூடும். அதைக் கழிக்காமல் "இன்னும் 10 கிலோபாஸ்கல் மிச்சம் இருக்கிறது" என்று மாதக்கணக்கில் காத்திருப்பது நடக்கிற கதை. விரிப்பில் நீர்மட்டம் உயர்ந்திருந்தால் அதையும் சேர்த்துக் கழிக்க வேண்டும்.

திருத்திக் கிடைத்த வேகத்தைக் கரையின் அடுத்த நீளத்துக்கு அப்படியே பயன்படுத்தலாம், ஆனால் களிமண் தடிமனும் மாண்ட்ரலும் அதே அளவாக இருந்தால் மட்டுமே. மாண்ட்ரலைப் பெரிதாக்கினாலோ, பட்டையின் அடிப்பிடித் தகட்டை அகலமாக மாற்றினாலோ குழைவு மாறும், புதிதாகத்தான் அளக்க வேண்டும். நம் கரையில் 22 விழுக்காடு மெதுவான வேகத்தோடு 13 மாதக் கெடுவைக் காக்க, அடுத்த நீளத்தில் பட்டை இடைவெளி 1.2இலிருந்து 1.05 மீட்டருக்கு வர வேண்டும்.